சொரசொரப்பான டர்பைன் பிளேடு: எந்த மேடையில், எந்தப் பரப்பை வைத்துச் சோதிப்பது?

டர்பைன் பிளேடின் சொரசொரப்பு அதன் எல்லைப் படலத்தை, அதாவது பரப்பை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் மெல்லிய காற்றடுக்கை, என்ன செய்கிறது என்று சோதித்துப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் காற்றுச் சுரங்கம் கிடைக்கும் என்பதைத்தான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை இது. சுரங்கம் கிடைத்ததும் அதற்குள் நுழைகிற அளவில் ஒரு பிளேடைச் செய்வார்கள். கைக்குக் கிடைத்த உப்புத்தாளை அதன்மேல் ஒட்டுவார்கள். பின்னால் அழுத்தம் அளக்கும் பிட்டாட் குழாய் ஒன்றை நகர்த்தி, அழுத்த இழப்பு இவ்வளவு கூடியது என்று ஒரு எண்ணை எழுதுவார்கள். அந்த எண் அந்தச் சுரங்கத்துக்கும் அந்தத் தாளுக்கும் மட்டுமே சொந்தம். வேறு எந்த பிளேடுக்கும் அதை எடுத்துப் போக முடியாது.

முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எந்த மேடை, எந்தப் பரப்பு, எந்த அளவுகோல். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேள்வி எல்லைப் படலத்தைப் பற்றியது என்றால் பெரிய தட்டைத் தகடுதான் சரி. அதன்மேல், ஓடித் தேய்ந்த பிளேடிலிருந்து நகலெடுத்துப் பெரிதாக்கிய பரப்பு. கேள்வி இழப்பைப் பற்றியது என்றால் கதை வேறு. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

நாண் நீளம், அதாவது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை, 40 மில்லிமீட்டர்; நாணை வைத்துக் கணக்கிட்ட ரேனால்ட்ஸ் எண் (பாகுத்தன்மையோடு ஒப்பிட ஓட்டத்தின் வேகமும் அளவும் எவ்வளவு பெரிது என்று சொல்லும் எண்) 5 லட்சம் என்று ஒரு பிளேடை எடுத்துக்கொள்வோம். முன் விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி, ஓட்டம் இன்னும் கலங்காத சீரோட்டமாகவே இருக்கிறது, அழுத்தம் மாறவில்லை என்று எளிமைப்படுத்தினால், தட்டைத் தகட்டுச் சீரோட்டத்துக்கான பிளாசியஸ் சூத்திரப்படி எல்லைப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டர். சுவரின் இழுப்பால் படலம் இழந்த உந்தத்தைச் சொல்லும் உந்தத் தடிமன் 19 மைக்ரான். புதிய பிளேடின் சராசரிச் சொரசொரப்பு 1 மைக்ரான் அளவில் இருக்கும். ஓடிய பிளேடில் அது 10 மைக்ரானைத் தாண்டுவது சாதாரணம். சராசரி 10 மைக்ரான் உள்ள பரப்பில் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 60 மைக்ரான் இருந்தால் வியப்பில்லை. அதாவது படலத்தின் தடிமனில் நாற்பது சதவீதத்துக்கு மேல் முகடே அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த முகட்டின் உச்சியில் உள்ள வேகத்தையும் முகட்டின் உயரத்தையும் வைத்து இன்னொரு ரேனால்ட்ஸ் எண்ணைக் கணக்கிடலாம். நம் எடுத்துக்காட்டில் அது சுமார் 500. தனித்து நிற்கும் ஒரு முப்பரிமாண மேடு சீரோட்டத்தை அங்கேயே கொந்தளிப்பாக மாற்றிவிடும் எல்லை என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 600 அளவில். முகடு 60 மைக்ரானிலிருந்து 100 மைக்ரானாக வளர்ந்தால் இந்த எண் 1100-ஐத் தாண்டிவிடும். பிளேடின் வாழ்நாளில் சொரசொரப்பு இந்த விளிம்பைக் கடந்துதான் போகிறது. நமக்குப் பார்க்க வேண்டியதும் அந்தக் கடக்கும் தருணம்தான். அது நடப்பதோ தலைமயிரின் தடிமனே உள்ள இடத்துக்குள்.

மூன்று மேடைகள்

முதலில் தட்டைத் தகடு. விநாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில், பிளேடில் 10 மில்லிமீட்டர் தூரத்தை வைத்துக் கிடைக்கும் அதே ரேனால்ட்ஸ் எண் (1.25 லட்சம்) முன் விளிம்பிலிருந்து 19 சென்டிமீட்டரில் கிடைக்கிறது. எல்லாமே ஏறத்தாழ 19 மடங்கு பெரிதாகிறது. எல்லைப் படலம் 2.6 மில்லிமீட்டர், 60 மைக்ரான் முகடு 1.1 மில்லிமீட்டர். 5 மைக்ரான் தடிமனுள்ள ஹாட்வயர் கம்பியை (காற்றில் குளிரும் அளவை வைத்து வேகத்தைச் சொல்லும் சூடான கம்பி) இந்தப் படலத்துக்குள் இருபது முப்பது இடங்களில் தாராளமாக நிறுத்தலாம். சுரங்கத்தின் கூரையை வளைத்துச் செய்தால், பிளேடின் உறிஞ்சு பக்கத்தில், அதாவது அழுத்தம் குறைந்த குவிந்த பக்கத்தில், காற்று முதலில் முடுக்கமடைந்து பிறகு தளர்வதை இந்தத் தகட்டின்மேலும் வரவழைக்கலாம். தளரும் பகுதியில் ஓட்டம் தகட்டை விட்டுப் பிரிவதற்கு முன் கூரையை விட்டே பிரிந்துவிடும் என்பது இங்கே உள்ள தொல்லை. கூரையில் துளையிட்டுக் காற்றை உறிஞ்சாமல் இது அடங்காது.

தகட்டில் கிடைக்காதவற்றையும் சொல்லியாக வேண்டும். பரப்பின் வளைவு இல்லை. முன் விளிம்பில் காற்று முட்டி இரண்டாகப் பிரியும் அந்த இடம் பிளேடில் உள்ளதுபோல் இல்லை. ஒலிவேகத்தை நெருங்கும்போது வரும் விளைவுகள் இல்லவே இல்லை. முன்வரிசை பிளேடுகளின் வால்சுழல்கள் வந்து மோதுவதும் இல்லை. வேண்டுமானால் முன்னால் கம்பிகளை ஓடவிட்டு ஓரளவு உருவாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது கேஸ்கேட், அதாவது ஐந்தாறு பிளேடுகளை நேர்வரிசையில் நிறுத்திய மேடை. வளைவு இருக்கிறது, முன் விளிம்பு இருக்கிறது, பின்னால் ஒரு குறுக்கு அளவீடு எடுத்தால் மொத்த இழப்பும் ஒரே மூச்சில் கிடைத்துவிடுகிறது. ஆனால் நாண் 150 மில்லிமீட்டர் என்றால், அதே ரேனால்ட்ஸ் எண்ணில், நாணின் கால்பங்கு தூரத்தில் படலம் அரை மில்லிமீட்டர்தான். ஹாட்வயர் போய்ப் பார்க்கலாம், உட்கார்ந்து பேச முடியாது. சொரசொரப்பு எங்கே முதலில் வேலையைத் தொடங்குகிறதோ அந்த முன்பகுதி கண்ணுக்கு மறைந்தே இருக்கும்.

கேஸ்கேடில் இன்னொரு சூட்சுமம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் பலரும் சறுக்கும் இடம். பிளேடின் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தாளை ஒட்டினால் இரண்டு பிளேடுகளுக்கு நடுவே உள்ள குறுகலான கழுத்து 1 மில்லிமீட்டர் குறைகிறது. வேகப் பரவல் மாறுகிறது. இதன்பிறகு மென்பரப்பையும் சொரசொரப்பையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் இரண்டு வெவ்வேறு பிளேடு வடிவங்களைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். தாளின் தடிமனை முன்கூட்டியே பிளேடிலிருந்து செதுக்கி எடுத்திருக்க வேண்டும். மென்பரப்புச் சோதனைக்கும் அதே தடிமனில் வழவழப்பான படலம் ஒன்றை ஒட்ட வேண்டும்.

மூன்றாவது சுழலும் மேடை. விண்வெளி ஓடத்தின் முதன்மை எஞ்சினில் உள்ள உயரழுத்த எரிபொருள் பம்பின் டர்பைனைக் காற்றில் ஓட்டி பாய்ண்டன் குழு 1993-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பூச்சினால் சொரசொரப்பாக இருந்த சுழலும் பிளேடுகளை மெருகேற்றியபோது திறன் ஏறத்தாழ 2.5 சதவீதப் புள்ளி உயர்ந்தது. முதலீட்டாளரையும் பராமரிப்புப் பொறியாளரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும் எண் அது. ஆனால் அந்த 2.5 எங்கிருந்து வந்தது? நிலைமாற்றம் (சீரோட்டம் கொந்தளிப்பாக மாறுவது) பின்னுக்குப் போனதாலா, கொந்தளிப்புப் பகுதியில் உராய்வு குறைந்ததாலா, பின் விளிம்பில் பிரிதல் சுருங்கியதாலா? மேடை வாய் திறக்காது. செலவோ மற்ற இரண்டையும் சேர்த்து வைத்தாலும் எட்டாத உயரம். எவ்வளவு என்று அறிய இது. ஏன் என்று அறிய இது அல்ல.

ஒரு விதிவிலக்கு. விமான எஞ்சினின் தாழ்அழுத்த டர்பைன் என்றால் நான் கேஸ்கேட் பக்கம் சாய்வேன். உயரத்தில் பறக்கும்போது அங்கே ரேனால்ட்ஸ் எண் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்குகிறது. உறிஞ்சு பக்கத்தின் பின்பாதியில் சீரோட்டமாகவே படலம் பிரிந்து குமிழியாகிறது. அந்த நிலையில் அளவான சொரசொரப்பு நன்மையே செய்யும்: நிலைமாற்றத்தை முன்னுக்கு இழுத்துக் குமிழியைச் சுருக்கி, இழப்பைக் குறைக்கும். அதே பிளேடு அதிக ரேனால்ட்ஸ் எண்ணில் ஓடும்போது அதே சொரசொரப்பு தண்டனை. லாபம் எங்கே நஷ்டமாகத் திரும்புகிறது என்பதே அங்கே கேள்வி. அதற்கு மொத்த இழப்பு வேண்டும், வளைவும் வேண்டும், ரேனால்ட்ஸ் எண்ணை அகலமாக மாற்றிப் பார்க்கவும் வேண்டும். தகடு இதற்குப் போதாது.

வலையை மறந்தால்

மேடை எதுவானாலும், வரும் காற்றின் கொந்தளிப்பு அளவை முடிவு செய்யாமல் ஒரு அடியும் எடுத்து வைக்கக்கூடாது. நல்ல சுரங்கங்கள் அரை சதவீதத்துக்கும் குறைவான கொந்தளிப்பை வைத்துப் பெருமைப்படுகின்றன. டர்பைனுக்குள் அது பல சதவீதம்; எரியறையை ஒட்டிய முதல் வரிசையில் பத்தையும் தாண்டும்.

மேய்ல் 1991-இல் தந்த சூத்திரப்படி, நிலைமாற்றம் தொடங்கும் இடத்தில் உந்தத் தடிமனை வைத்துக் கணக்கிட்ட ரேனால்ட்ஸ் எண், கொந்தளிப்பு 1 சதவீதம் என்றால் 400. 5 சதவீதம் என்றால் சுமார் 146. நம் எடுத்துக்காட்டில், 10 மில்லிமீட்டர் தூரத்தில் அந்த எண் 235. ஆக, 1 சதவீதக் காற்றில் வழவழப்பான பிளேடு இன்னும் சீரோட்டத்தில் இருக்கும். அங்கே ஒரு முகட்டை வைத்தால் நிலைமாற்றம் குதித்து முன்னால் வரும், பெரிய விளைவு என்று கொண்டாடலாம். 5 சதவீதக் காற்றிலோ, அழுத்தச் சரிவு இல்லாத கணக்கில், முகடே இல்லாமல் 4 மில்லிமீட்டரிலேயே மாற்றம் தொடங்கியிருக்கும். முகடு வந்து மாற்றுவதற்கு மிச்சமே இல்லை. உண்மையான பிளேடில் கடும் முடுக்கம் இந்தத் தொடக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதால் நிலைமை இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்காது. ஆனாலும் சுத்தமான சுரங்கத்தில் செய்த சோதனை, நிலைமாற்றத்தின் மேல் சொரசொரப்புக்கு இருக்கும் செல்வாக்கை ஊதிக் காட்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கொந்தளிப்பு எழுப்பும் வலைக்குச் செலவு சொற்பம். இரண்டு மட்டங்களிலாவது சோதிக்காத திட்டத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எந்தப் பரப்பு?

இந்த முடிவுதான் எனக்கு மற்ற இரண்டையும்விடப் பெரிதாகப் படுகிறது. நடைமுறையில் நான்கு வழிகள்: உப்புத்தாள், ஒழுங்கான கூம்புகளோ அரைக்கோளங்களோ வரிசையாக நிற்கும் தகடு, தேய்ந்த பிளேடை ஸ்கேன் செய்து பெரிதாக்கிய நகல், தேய்ந்த பிளேடே நேரடியாக.

கடைசி வழியை ஒரே வரியில் தள்ளிவிடலாம். உண்மையான பிளேடின்மேல் உண்மையான அளவில் படலத்தை அளக்க முடியாது. மேலே போட்ட கணக்கே சாட்சி.

உப்புத்தாளுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. மலிவு, எல்லா இடத்திலும் கிடைக்கும், முந்தைய சோதனைகளோடு ஒப்பிட வசதி. இந்தத் துறையின் மூலப்பாடமே மணல்தான்: நிகுராட்சே 1933-இல் சலித்தெடுத்த மணலைக் குழாய்களின் உள்ளே ஒட்டி அளந்தார், ஷ்லிக்டிங் 1936-இல் எந்தச் சொரசொரப்பையும் அதே உராய்வைத் தரும் மணல் உயரமாகச் சொல்லும் வழக்கத்தைத் தந்தார். இன்று நாம் சமமணல் உயரம் என்று சொல்வது அதுதான். ஆனால் தாளின் முதுகில் அச்சிட்ட எண் சமமணல் உயரம் அல்ல; அதைத் தனியாக அளந்தே தீரவேண்டும். தாளின் முன்விளிம்பு இன்னொரு கண்ணி. ஒருமுறை சில வாரங்கள் நான் சேர்த்த தரவில் நிலைமாற்றம் எப்போதும் ஒரே இடத்தில் நின்றது. தாளின் தரத்தை மாற்றினாலும் நகரவில்லை. கடைசியில் பார்த்தால் மணலுக்கு அதில் பங்கே இல்லை, தாளின் விளிம்பு தந்த படிக்கட்டுதான் ஓட்டத்தைத் தட்டிவிட்டிருக்கிறது. அதன்பிறகு தகட்டில் பள்ளம் எடுக்காமல் நான் தாள் ஒட்டுவதில்லை.

கூம்பு வரிசையின் பலம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பது. உயரத்தை மாற்றாமல் அடர்த்தியை மட்டும் மாற்றலாம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ஆய்வாளர்கள் நுனி வெட்டிய கூம்புகளைப் பிளேடில் அடுக்கி வெப்பப் பரிமாற்றத்தை அளந்தது இந்த வழியில்தான். கணினி மாதிரி எழுதுபவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் எந்த டர்பைனும் கூம்பு கூம்பாகத் தேய்வதில்லை.

தேய்வது எப்படி என்று தெரிய வேண்டுமானால் பான்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2001-இல் வெளியிட்ட அளவீடுகளைப் பார்க்கலாம். நிலத்தில் ஓடும் டர்பைன்களின் ஏறத்தாழ 100 பாகங்களை எடுத்து அளந்தார்கள். படிவு, குழி, அரிப்பு, பூச்சு உரிதல் எனச் சொரசொரப்புக்குப் பல முகங்கள். ஒரே பாகத்திலேயே இடத்துக்கு இடம் பத்து மடங்கு வரை வேறுபாடு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற பேச்சு இங்கே எடுபடாது.

இந்த முகங்களை ஒற்றைச் சராசரி எண் பிடிக்காது என்பதற்கு இன்னொரு கணக்கு. முழுச் சொரசொரப்பு நிலைக்கு (பாகுத்தன்மை பொருட்டில்லாமல் சொரசொரப்பே உராய்வைத் தீர்மானிக்கும் நிலை) ஃபிளாக், ஷுல்ட்ஸ் இருவரும் 2010-இல் தந்த உறவில், சமமணல் உயரம் இரண்டைச் சார்ந்தது: உயரங்களின் இருபடிச் சராசரி மூலம் (நடுமட்டத்திலிருந்து விலகும் அளவின் ஒரு வகைச் சராசரி), அப்புறம் கோட்டம், அதாவது பரப்பு முகடுகளால் ஆனதா பள்ளங்களால் ஆனதா என்பதைச் சொல்லும் எண். இருபடிச் சராசரி மூலம் 12 மைக்ரான் உள்ள இரண்டு பரப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் படிவு, கோட்டம் கூட்டல் 0.5. மற்றதில் குழிகள், கோட்டம் கழித்தல் 0.5. முதலாவதன் சமமணல் உயரம் ஏறத்தாழ 93 மைக்ரான்; இரண்டாவதற்கு 21 மைக்ரான். பட்டறையில் சொரசொரப்பு அளக்கும் கருவி இரண்டுக்கும் அநேகமாக ஒரே எண்ணைக் காட்டும். ஓட்டமோ நாலரை மடங்கு வேறுபாட்டைப் பார்க்கிறது. சராசரிச் சொரசொரப்பை ஒரு மாறிலியால் பெருக்கிச் சமமணல் உயரம் காணும் வழக்கம் இன்னும் சாகவில்லை. காக், ஸ்மித் இருவரும் 1976-இல் பயன்படுத்திய 6.2 இன்றும் மேற்கோளாகிறது. வெவ்வேறு ஆய்வாளர்களின் மாறிலிகள் 2-இலிருந்து 10 வரை சிதறிக் கிடப்பதன் காரணம் அவர்கள் கவனக்குறைவு அல்ல. அவர்கள் எடுத்த பரப்புகள் வேறு.

இதனால்தான் ஸ்கேன் செய்த நகலுக்கு என் வாக்கு. ஒளியியல் கருவியில் முப்பரிமாண உயரப்படம் எடுத்து, உந்தத் தடிமனுக்கும் முகட்டு உயரத்துக்கும் உள்ள விகிதம் பிளேடில் இருப்பதுபோலவே தகட்டிலும் வரும்படி பெரிதாக்கி, முப்பரிமாண அச்சிலோ சிஎன்சி எந்திரத்திலோ தகட்டைச் செய்யலாம். அச்சின் அடுக்கு உயரம் 0.1 மில்லிமீட்டர் என்றால், 1.1 மில்லிமீட்டர் முகட்டில் அதுவே படிக்கட்டுபோலத் தெரியும்; நுண்ணிய அச்சு வேண்டும், அல்லது செதுக்கி எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த துண்டு சிறிது என்பதால் அதையே திரும்பத் திரும்பப் பதிக்க நேரும்; ஒவ்வொன்றையும் அடுத்ததற்குக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வைத்தால் விளிம்புகள் சேர்ந்துகொள்ளும். ஆனால் கூடவே ஓர் உப்புத்தாள் தகடும் கட்டாயம் இருக்கட்டும். நகலில் கிடைத்த எண் விசித்திரமாக இருந்தால், கோளாறு பரப்பிலா மேடையிலா என்று காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி வேண்டும்.

அளப்பது

அழுத்தத் துளைகளும் அகச்சிவப்புக் கேமராவும் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். நிலைமாற்றம் எங்கே என்று கேமரா சில நிமிடங்களில் காட்டிவிடும். உண்மையான தேர்வு ஹாட்வயருக்கும் துகள்களைப் படம்பிடித்து வேகம் காணும் முறைக்கும் இடையே. இரண்டாவது முழுத் தளத்தையும் ஒரே நேரத்தில் காட்டும், முகடுகளுக்குப் பின்னால் ஓட்டம் திரும்புவதையும் காட்டும். ஆனால் லேசர் ஒளி சொரசொரப்பான பரப்பில் பட்டுச் சிதறி, நமக்கு வேண்டிய அந்தக் கடைசி மில்லிமீட்டரையே வெளுத்துவிடும். ஹாட்வயருக்கு அந்தத் தொல்லை இல்லை. திரும்பி ஓடும் காற்றை அது நேராக ஓடுவதாகவே படிக்கும் என்பதும், முகட்டில் இடித்தால் அன்றைய வேலை முடிந்தது என்பதும் அதன் குறைகள். நிலைமாற்றம்தான் கேள்வி என்றால் ஏற்ற இறக்கங்களை நேரத்தோடு பின்தொடரும் ஹாட்வயர்தான். பிரிதல் என்றால் துகள் முறை.

சொரசொரப்பான சுவரில் சுவர் எங்கே தொடங்குகிறது? முகட்டின் உச்சியிலா, பள்ளத்திலா, நடுவிலா? மென்சுவரில், அளந்த வேகத்தை மடக்கைக் கோட்டோடு (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் மடக்கையோடு வேகம் ஏறும் கோடு) பொருத்தி உராய்வைக் கண்டுபிடிக்கும் கிளௌசர் வழி இங்கே ஒன்றுக்குப் பதில் மூன்று தெரியாத எண்களைக் கேட்கிறது: உராய்வு, சுவரின் தொடக்கம், கோடு கீழே நகர்ந்த அளவு. மூன்றையும் ஒரே வளைகோட்டிலிருந்து பிழிந்தால் எது வேண்டுமானாலும் பொருந்தும். உராய்வைத் தனியாகத் தரும் மிதக்கும் தகட்டுத் தராசு இருந்தால் அதற்குக் காசைக் கொட்டலாம். இல்லாவிட்டால் உராய்வு எண்ணை அகலமான பிழை எல்லையோடுதான் எழுத வேண்டும்.

சமமணல் உயரத்தின் மேலேயே எனக்கு ஒரு குறை உண்டு. நிகுராட்சேயின் குழாய்களில் ஆரம், மணல் உயரத்தைப் போல 15 மடங்கிலிருந்து 507 மடங்கு வரை. சொரசொரப்பின் தாக்கம் சுவரை ஒட்டியே அடங்கி, வெளிப்படலம் மாறாமல் இருக்க வேண்டுமானால் படலம் முகட்டைப் போல 40 மடங்காவது இருக்க வேண்டும் என்றார் ஹிமனெஸ் 2004-இல். நம் பிளேடின் முன்பகுதியில் அந்த விகிதம் 2.4 மட்டுமே. அங்கே இருப்பது சொரசொரப்பு என்பதைவிட, காற்றின் வழியில் நிற்கும் தடைகளின் கூட்டம் என்பதே பொருத்தம். அதனால் முடிவுகளைச் சமமணல் உயரத்தில் மட்டும் சொல்லி நிறுத்தாமல், உயரப்படக் கோப்பையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

வெப்பப் பரிமாற்றமும் வேண்டும் என்றால் உராய்வை அளந்து அதிலிருந்து கணிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முகடுகளின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு உராய்வுக் கணக்கில் சேரும்; வெப்பத்துக்கு அதற்கு இணையான வழி இல்லை. ஆகவே சொரசொரப்பில் உராய்வு கூடும் அளவுக்கு வெப்பம் கூடுவதில்லை. நகல் தகட்டை பிளாஸ்டிக்கில் செய்தால், உலோக முகடுகள் துடுப்புபோல வெப்பத்தைக் கடத்தும் பங்கும் காணாமல் போகும்.

எட்டு வாரச் சுரங்க நேரம் என் கையில் இருந்தால், நகல் தகடுகள் இரண்டு செய்வேன்: ஒன்று படிவுப் பரப்பு, மற்றது குழிப் பரப்பு, இரண்டுக்கும் இருபடிச் சராசரி மூலம் ஒன்றே. சாட்சிக்கு ஓர் உப்புத்தாள் தகடு. வலை இல்லாமல் ஒருமுறை, 5 சதவீத வலையோடு ஒருமுறை. கேஸ்கேடை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்து, அப்போதும் தகட்டில் ஏற்கனவே பார்த்த இரண்டு மூன்று நிலைகளை மட்டும் அங்கே கொண்டுபோவேன். முதல் வாரம் முழுக்க வழவழப்பான தகட்டுக்கு, வளைவில்லாத கூரையோடு, வலையில்லாமல். சீரோட்டப் பகுதியில், வேகப் பரவலின் வடிவத்தைச் சொல்லும் வடிவக் காரணி பிளாசியஸ் மதிப்பான 2.59-ஐ ஒட்டி வராதவரை மற்ற தகடுகளைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க மாட்டேன்.